உருகுறது வேற, அறுந்து போறது வேற

உங்க ஹாஸ்டல் ரூமில் இப்போ கண்ணுக்குத் தெரிகிற பிளாஸ்டிக்கை எல்லாம் ஒரு நிமிஷம் எண்ணிப் பாருங்க. தண்ணி பாட்டில், பக்கெட், சார்ஜர் வயர், சுவரில் ஓடும் கரண்ட் பைப், பிஸ்கட் கவர், ஸ்கேல், போன செமஸ்டர் மாடலில் மிச்சமான தெர்மாகோல். எண்ணிட்டீங்களா? இப்போ ஒரு கேள்வி. இதையெல்லாம் சூடு பண்ணா என்ன ஆகும்?

யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "உருகும்." இன்னும் சூடு பண்ணா? "எரியும்." அவ்வளவுதான். ஆனால் இந்த இரண்டு வார்த்தைக்கும் நடுவில் பெரிய விஷயம் ஒன்று நடக்கிறது. பாடப்புத்தகத்தில் அதற்கு வெப்பச் சிதைவு என்று பெயர். பாலிமர் எலெக்டிவ் எடுத்தவங்க பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி அதைப் படிச்சிருப்பீங்க. மத்தவங்க அந்தப் பக்கமே போயிருக்க மாட்டீங்க. இந்தக் கட்டுரை ரெண்டு பேருக்கும்தான்.

உருகின பிளாஸ்டிக் ஆறினால் மறுபடியும் அதே பிளாஸ்டிக். சிதைந்த பிளாஸ்டிக் ஆறினாலும் திரும்பாது. அது வேறு பொருளாகிவிட்டது. பாதி நேரம் அது வாயு, யாரோ ஒருத்தர் மூச்சுக்குள் போகிற வாயு. உருகுவதற்கும் சிதைவதற்கும் நடுவில் எத்தனை டிகிரி இடைவெளி இருக்கிறது என்பது ஒவ்வொரு பிளாஸ்டிக்குக்கும் வேறுவேறு. அந்த இடைவெளி தெரிந்தால் பிளாஸ்டிக்கை வைத்து ரோடே போடலாம். தெரியாவிட்டால் அதே பிளாஸ்டிக் சமையலறையில் புகையாகும்.

எங்க ஊர்ப் பக்கம் ரெண்டு நெருப்பு

நான் நாகரசம்பட்டிக்காரி. தெரியாதவங்களுக்காகச் சொல்றேன்: கிருஷ்ணகிரி மாவட்டம், போச்சம்பள்ளி பக்கம். ஒரு பக்கம் தென்னந்தோப்பும் மாந்தோப்பும். இன்னொரு பக்கம் சிப்காட். போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் ஆலை வந்த பிறகு கம்பெனி பஸ் எங்க பக்கத்து ரோட்டில் சாதாரணம் ஆகிவிட்டது. அதற்கு முன்னாடி வேலைன்னா ஓசூர்தான். 1970களில் அங்கே சிப்காட் வந்ததிலிருந்து எங்க பக்கத்துப் பசங்க ரூம் எடுத்துத் தங்கி, ஷிப்டு மாத்தி மாத்தி வேலை பார்க்கிறாங்க. கொஞ்சம் பேர் எல்லை தாண்டி கர்நாடகா பக்கம் அத்திப்பள்ளிக்கும் போறாங்க.

அவர்களில் பலருக்கு வேலை பிளாஸ்டிக் மோல்டிங் மெஷினில். அங்கே நெருப்பு கண்ணுக்கே தெரியாது. பேரலைச் சுத்தி ஹீட்டர் பட்டைகள், ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி டிகிரி, பத்து டிகிரி கூடினாலே அலாரம். அதே ஆள் லீவுக்கு ஊருக்கு வந்தால், வீட்டில் விறகடுப்பைப் பத்த வைக்க பால் கவரைச் சுருட்டிச் செருகுவதைப் பார்க்கலாம். ஏன், அவரே செருகுவார். கம்பெனியில் பத்து டிகிரிக்கு அலாரம் அடிக்கிற அதே பொருளுக்கு, வீட்டில் டிகிரி என்ற பேச்சே இல்லை.

இதில் யாரையும் குறை சொல்ல வரலை. ஒரு நெருப்பைப் பற்றி நமக்குச் சொல்லிக் கொடுத்தாங்க, இன்னொரு நெருப்பைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுக்கலை. அவ்வளவுதான் வித்தியாசம்.

சாமந்திச் சரம்

பாலிமர் என்றால் நீளமான சங்கிலி என்று முதல் வருஷ கெமிஸ்ட்ரியிலேயே படிச்சிருப்பீங்க. எனக்கு அதைவிட எங்க பக்கத்துப் பூதான் நல்லா மனசில் நிற்கும். ஒரு கூடை நிறைய சாமந்திச் சரம் சிக்கலாகக் குவிந்து கிடக்கிறதா நினைச்சுக்கோங்க. குலுக்கினால் சரங்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி நகரும். அதுதான் உருகுவது. நூலும் அறுபடவில்லை, பூவும் உதிரவில்லை. நீளம் அப்படியே இருக்கிறது.

இன்னும் பலமாகக் குலுக்கினால்? மூன்று விதமாகக் கெட்டுப் போகலாம்.

ஒன்று, நூல் எங்கேயாவது அறுந்து போகும். எங்கே என்று சொல்ல முடியாது. நீளச் சரம் ரெண்டாகும், நாலாகும், துண்டு துண்டாகும். பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் இப்படித்தான் சிதைகின்றன. அதனால்தான் இவற்றைக் காற்றில்லாத உலையில் சூடாக்கினால் மெழுகும் எண்ணெயும் கிடைக்கிறது. "பிளாஸ்டிக்கிலிருந்து டீசல்" என்று அடிக்கடி செய்தி வருமே, அதன் பின்னால் இருப்பது இந்த அறுபடல்தான். நீளச் சரம் மெழுகு நீளத்துக்கு, அப்புறம் டீசல் நீளத்துக்கு, அப்புறம் கேஸ் நீளத்துக்குக் குறைகிறது.

இரண்டு, முடிச்சு அவிழ்ந்து நுனியிலிருந்து பூ ஒவ்வொன்றாகக் கழன்று விழும். அக்ரிலிக் அப்படி. சூடாக்கினால் கிட்டத்தட்ட முழுசாகவே தான் பிறந்த மோனோமருக்குத் திரும்பிவிடும். காலேஜ் லேசர் கட்டரில் அக்ரிலிக் வெட்டும்போது ஒரு காட்டமான இனிப்பு வாசனை வருமே, அது மீத்தைல் மெத்தாக்ரிலேட். அக்ரிலிக்கைத் தயாரிக்கும் மூலப்பொருளே அதுதான். தெர்மாகோலை நைக்ரோம் கம்பியால் வெட்டும்போது வருகிற வாசனையில் ஸ்டைரீன் இருக்கிறது. பாலிஸ்டைரீனும் பெருமளவு இந்த வழியில்தான் சிதையும். மாடல் பண்ணும்போது ஜன்னலைத் திற என்று சீனியர் கத்துவது இதனால்தான்.

மூன்று, நூல் அப்படியே இருக்கும், ஆனால் இதழ்கள் மட்டும் உதிரும். அதுதான் பிவிசி. இதைப் பற்றித் தனியாகவே பேசணும்.

தராசும் உலையும்

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீங்க. அதற்கு ஒரு அழகான கருவி இருக்கிறது. பெயர் டிஜிஏ. விஷயம் ரொம்ப எளிது. ஒரு குட்டித் தராசு, அதைச் சுற்றி ஒரு உலை. பத்து மில்லிகிராம் அளவு பிளாஸ்டிக்கைத் தட்டில் வைத்து, நிமிஷத்துக்குப் பத்து டிகிரி வீதம் சூடாக்கிக்கொண்டே எடையைப் பார்க்கணும். உருகினால் எடை குறையாது. சிதைந்து வாயுவானால் குறையும். கிராஃப் எங்கே கீழே இறங்குகிறதோ அங்கே சங்கிலி போச்சு என்று அர்த்தம்.

நைட்ரஜன் வாயுவில் இந்தச் சோதனையைச் செய்தால் எண்கள் ஏறத்தாழ இப்படி வரும். பால் கவர் வகை பாலிஎத்திலீன் 110 டிகிரி செல்சியஸில் உருகும். எடை பெரிதாகக் குறைவது 400-ஐத் தாண்டித்தான். நடுவில் கிட்டத்தட்ட 300 டிகிரி இடைவெளி! பாலிபுரொப்பிலீன் 165-ல் உருகும். அதுவும் பெரும்பாலும் 350-க்கு மேல்தான் இறங்கும். தண்ணி பாட்டில் செய்யும் பெட் 255-ல் உருகும், 400-ஐ ஒட்டிச் சிதையும்.

ஆனால் நைட்ரஜன் என்பது லேப் சொகுசு. நிஜ உலகத்தில் காற்று இருக்கிறது, காற்றில் ஆக்சிஜன் இருக்கிறது. ஆக்சிஜன் வந்தால் சிதைவு அந்த எண்களுக்கு ரொம்பக் கீழேயே தொடங்கிவிடும். பாலிபுரொப்பிலீன் சங்கிலியில் ஒன்று விட்டு ஒரு கார்பனில் ஒரு ஹைட்ரஜன் கொஞ்சம் தளர்வாக நிற்கும், ஆக்சிஜன் முதலில் அதைத்தான் பிடிக்கும். அதைத் தடுக்கத்தான் கம்பெனிகள் ஆன்டி ஆக்சிடென்ட் கலக்கின்றன. நம்ம கல்யாண மண்டபத்துச் சேர் இத்தனை வருஷம் தாங்குவதே அந்தச் சிட்டிகை மருந்தால்தான். அது தீர்ந்தால் சேர் நொறுங்க ஆரம்பிக்கும்.

இங்கே ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிடலாம். பார்சல் சாம்பாரைச் சூடாகக் கவரில் கட்டினால் "பிளாஸ்டிக் உருகி சாப்பாட்டில் கலக்கும்" என்று ஃபார்வர்டு வரும். சாம்பார் எவ்வளவு கொதித்தாலும் 100 டிகிரியை ஒட்டித்தான். அந்தச் சூட்டில் சங்கிலி அறுபடாது. ஆனால் சங்கிலிக்கு நடுவில் கலந்திருக்கும் சின்ன மூலக்கூறுகள், அதாவது நிறமும் மருந்தும் குழைவுக்குச் சேர்த்ததும், சூட்டிலும் எண்ணெயிலும் வெளியே கசியும். ஆக, பயப்படக் காரணம் இருக்கிறது. ஃபார்வர்டு சொல்கிற காரணம்தான் வேறு. கறுப்புக் கவர் என்றால் என்னென்ன ரீசைக்கிள் பண்ணிச் செய்தாங்களோ, எது கசியும் என்று சொல்லவே முடியாது. தூக்குப் போசி எடுத்துட்டுப் போறது நல்லது.

இடைவெளியே இல்லாத ஒன்று

இப்போ பிவிசி. எங்க தோப்பில் போர் மோட்டாரிலிருந்து சொட்டுநீர் வரைக்கும் மெயின் லைன் எல்லாம் பிவிசிதான். நம்ம ரூமில் கரண்ட் பைப்பும் வயரின் மேல்தோலும் அதுதான். தமிழ்நாட்டுக்குப் புதுசும் இல்லை. சேலம் மாவட்டத்து மேட்டூரில் 1960களிலிருந்தே பிவிசி தயாராகிறது.

அதன் சங்கிலியில் ஒன்று விட்டு ஒரு கார்பனில் ஒரு குளோரின் அணு தொங்கும். சூடானால் அந்தக் குளோரின் பக்கத்து ஹைட்ரஜனைக் கூட்டிக்கொண்டு ஹைட்ரஜன் குளோரைடாக ஓடிப்போகும். தண்ணீரைத் தொட்டால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். மூக்கிலும் தொண்டையிலும் எப்போதும் ஈரம் உண்டு, நினைவிருக்கட்டும்.

கணக்கு போட்டுப் பாருங்க. வினைல் குளோரைடு அலகின் எடை 62.5. ஹைட்ரஜன் குளோரைடு 36.5. வகுத்தால் 58 சதவீதத்துக்கு மேல்! அதாவது கலப்பில்லாத ஒரு கிலோ பிவிசிக்குள் அரை கிலோவுக்கு மேல் அமில வாயு அடைந்து கிடக்கிறது. டிஜிஏ கிராஃபில் 250-லிருந்து 350 டிகிரிக்குள் ஒரு பெரிய படி இறங்கும், அது இதுதான். 400-க்கு மேல் இரண்டாவது படி, மிச்சமான கார்பன் எலும்புக்கூடு உடைவது. பைப்பில் சுண்ணாம்புத் தூள் கலந்திருந்தால் 700 டிகிரி பக்கம் மூன்றாவதாக ஒரு சின்னப் படியும் வரும். அது சுண்ணாம்பு கார்பன் டை ஆக்சைடை விடுவது. அந்தப் படியிலிருந்து எவ்வளவு சுண்ணாம்பு கலந்தாங்க என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். துல்லியமாக வராது, ஏன்னா சுண்ணாம்பு கொஞ்சம் அமிலத்தைத் தானே குடித்துவிடும். ஆனாலும் மலிவு பைப்பின் ஜாதகம் வெளியே வந்துவிடும்.

மோசமான விஷயம் என்னன்னா, வெளியேறும் அமிலமே மேலும் சிதைவைத் தூண்டும். ஒரு இதழ் உதிர்ந்தால் பக்கத்து இதழும் தளரும், வரிசையாக உதிரும். மருந்து எதுவும் கலக்காத பிவிசி 100 டிகிரியைத் தாண்டினாலே மெதுவாக இந்த வேலையைத் தொடங்கிவிடும். அதைப் பைப்பாக வார்க்கவோ 170 முதல் 200 டிகிரி வேணும். அதாவது வார்க்கும் சூட்டுக்கு முன்னாடியே சிதைவு வந்துவிடுகிறது. இடைவெளி பூஜ்யத்துக்கும் கீழே. ஸ்டெபிலைசர் என்ற மருந்தைக் கலந்துதான் செயற்கையாக ஒரு இடைவெளியை உண்டாக்குகிறார்கள். நம்ம நாட்டில் பல வருஷம் அந்த மருந்து ஈயம். தண்ணீர் போகிற பைப்பில் ஈயம்! மத்திய அரசு 2021-ல்தான் பிவிசி பைப்பில் ஈய ஸ்டெபிலைசரை ஒழிக்கத் தனி விதியே கொண்டு வந்தது.

எங்க தோப்புக்குப் பைப் போட வரும் அண்ணன் ஒருத்தர் இருக்கார். படிப்பு ஒன்பதாவது. இரண்டு பைப்பை இணைக்கணும், கப்ளிங் இல்லைன்னா, காய்ந்த தென்னை மட்டையைக் கொளுத்தி ஒரு பைப்பின் நுனியைத் தீயில் காட்டித் திருப்புவார். குழைந்ததும் இன்னொன்றின் மேல் மாட்டிவிடுவார். நீங்களும் பார்த்திருப்பீங்க.

"அண்ணா, எவ்வளவு நேரம் காட்டணும்னு எப்படித் தெரியும்?" என்றேன்.

"கலரைப் பாரு பாப்பா. மஞ்சள் தட்டுறதுக்குள்ள எடுத்துரணும். செவந்துச்சுன்னா அந்த இடம் செத்துப்போச்சு. தண்ணி ஃபோர்ஸ்ல அங்கதான் விடும்."

இதைக் கேட்டு நான் அசந்துட்டேன். குளோரின் போன இடத்தில் கார்பன்களுக்கு நடுவே இரட்டைப் பிணைப்பு வரும். ஒன்று விட்டு ஒன்றாக அவை வரிசை சேரச் சேர, பொருள் முதலில் மஞ்சளாகும், அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் பழுப்பு, கடைசியில் கறுப்பு. கேரட்டுக்கு நிறம் வருவதும் இதே மாதிரிப் பிணைப்பு வரிசையால்தான். லேபில் ஸ்பெக்ட்ரோமீட்டர் வைத்து அளப்பதை அண்ணன் கண்ணால் அளக்கிறார். ஆனால் அவருக்குத் தெரியாத பாதி ஒன்று இருந்தது. மஞ்சள் தட்டுகிறது என்றால் அமில வாயு ஏற்கனவே வெளியே வந்துவிட்டது, அதுவும் குனிந்து ஊதிக்கொண்டிருக்கும் அவர் முகத்துக்கு நேரே. பிவிசி குழைய 80 டிகிரியைத் தாண்டினால் போதும். அந்தச் சூட்டுக்குத் தீ தேவையே இல்லை. கொதிக்கிற வெந்நீரோ, சட்டியில் காய்ந்த மணலோ போதும். சொன்னேன். "மணலா?" என்று யோசித்தார். அடுத்த தடவை பண்ணிப் பார்க்கிறேன் என்றார். நான் வற்புறுத்தலை. அவர் கண்ணளவுக்கு முன்னாடி நான் புத்தகத்தை வைத்து ரொம்பப் பேச முடியாது.

லேசர் கட்டரில் பிவிசி ஷீட்டை வைக்கவே கூடாது என்று போர்டு மாட்டியிருப்பாங்களே, காரணம் இப்போ புரியுதா? லென்ஸும் போகும், நம்ம தொண்டையும் போகும்.

பேரலுக்குள் நடக்கிறது

இண்டஸ்ட்ரியல் விசிட் போனால் மெஷினை வேடிக்கை பார்த்துட்டு செல்ஃபி எடுத்துட்டு வந்துடாதீங்க. ஆபரேட்டர்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "ஓடுற மெஷின்ல கரண்ட் போனா என்ன பண்ணுவீங்க?" பிவிசி ஓடும் மெஷின் என்றால் அவர் முகம் மாறும். சூடான பேரலுக்குள் பிவிசி நின்றுவிட்டால் நிமிஷங்களில் கறுத்துவிடும், அமிலம் ஸ்க்ரூவை அரிக்கும். பாலிஎத்திலீனையோ பாலிபுரொப்பிலீனையோ தள்ளிப் பேரலைச் சுத்தம் பண்ணணும். கியருக்குப் பயன்படும் அசிட்டால் என்ற பிளாஸ்டிக் இரண்டாவது வகை, பூ கழன்று விழும் ஜாதி. அது அதிகமாகச் சூடானால் ஃபார்மால்டிஹைடு வரும். கண் எரிந்து ஷிப்டே வெளியே ஓடும். அசிட்டாலும் பிவிசியும் ஒரே பேரலில் கலந்தால் ஒன்றின் அமிலம் மற்றொன்றை உடைக்கும். இரண்டையும் சேர்க்காதே என்பது மோல்டிங் கடையில் முதல் நாள் பாடம்.

பெட் வேறு விதம். அதற்கு எதிரி சூடு மட்டுமில்லை, சூட்டோடு சேர்ந்த ஈரம். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் உருகிய நிலையில் தண்ணீர் சங்கிலியை வெட்டிவிடும். அதனால்தான் பெட்டை மெஷினில் போடுவதற்கு முன் 160, 170 டிகிரியில் மணிக்கணக்கில் காய வைக்கிறார்கள். ஐப்பசி மழையில் அந்த டிரையர் ஒழுங்காக ஓடவில்லை என்றால் பாட்டில் உடையும். காரணம் தேடி எல்லாரும் மோல்டைக் கழற்றுவாங்க!

ரீசைக்கிள் பிளாஸ்டிக் ஏன் மட்டமாக இருக்கிறது என்பதற்கும் இதுதான் பதில். ஒவ்வொரு முறை உருக்கும்போதும் கொஞ்சம் சரம் அறுகிறது. நம்ம லேபில் இருக்கும் எம்எஃப்ஐ கருவியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். பாலிபுரொப்பிலீனை 230 டிகிரியில், 2.16 கிலோ எடை வைத்து, பத்து நிமிஷத்தில் எத்தனை கிராம் ஒழுகுகிறது என்று அளக்கணும். புது குருணையை அளங்க. அதே ரகத்தை நாலு தடவை உருக்கி அளங்க. எண் ஏறிக்கொண்டே போகும். சரம் குட்டையானால் சிக்கல் குறையும், வேகமாக ஒழுகும். மினி ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடி அலையறவங்க இதை எடுத்துக்கலாம். செலவும் கம்மி.

மதுரையில் ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியார்

இடைவெளியைத் தெரிந்து வைத்துக்கொண்டால் என்ன செய்யலாம் என்பதற்கு நம்ம ஊர்லயே ஒருத்தர் இருக்கார். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் கேட்ட கேள்வி ரொம்பச் சாதாரணமானது: தார் ரோடு போட ஜல்லியை எப்படியும் 160, 170 டிகிரிக்குச் சூடாக்குகிறோம். கழிவுப் பிளாஸ்டிக் அந்தச் சூட்டில் என்ன ஆகும்?

பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன், பாலிஸ்டைரீன் மூன்றும் அந்தச் சூட்டில் குழைந்து ஓடும். ஆனால் சிதையாது. காற்றிலேயே 270 டிகிரி பக்கம் போனால்தான் வாயு வரும் என்று அவர் சோதனைகள் காட்டின. 170-க்கும் 270-க்கும் நடுவில் நூறு டிகிரி இடம். அந்த இடத்தில்தான் அவர் ரோடு போட்டார். சூடான ஜல்லி மேல் துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அரை நிமிஷம், முக்கால் நிமிஷத்தில் அது ஜல்லிக்கு மெல்லிய தோலாகப் போர்த்திவிடும். அப்புறம் தார். தோல் போட்ட ஜல்லிக்குள் தண்ணீர் இறங்காது, தாரும் நன்றாகப் பிடிக்கும். 2002-ல் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே அப்படி ஒரு ரோடு போட்டார்கள். 2006-ல் காப்புரிமை. 2013-ல் இந்தியச் சாலைக் காங்கிரஸ் இதற்கென்றே வழிகாட்டி நெறி வெளியிட்டது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ. ஒரு கிலோமீட்டர் ஒற்றைத் தடச் சாலைக்கு ஏறத்தாழ ஒரு டன் கழிவு பிளாஸ்டிக் உள்ளே போகிறது.

கவனிங்க, அந்த முறையில் பிவிசிக்கு அனுமதி இல்லை. நூறு டிகிரி இடம் அதற்குக் கிடையாதே. அந்த ரோட்டின் வெற்றி பாதி எதைப் போட்டோம் என்பதில், பாதி எதைப் போடவில்லை என்பதில். தரம் பிரிக்காமல் குப்பையை அள்ளிக் கொட்டினாலோ, ஜல்லியை அளவுக்கு மீறிக் காய்ச்சினாலோ, பக்கத்தில் நிற்கும் ரோடு வேலைக்காரர்தான் முதலில் மூச்சு வாங்குவார்.

அடுப்புக்கு வருவோம்

மெஷினில் டிகிரி தெரியும், ரோட்டிலும் தெரியும். அடுப்பில்? பற்றுகிற இடத்தில் பல நூறு டிகிரி. பக்கத்து விரற்கடையில் வெறும் புகைச்சல். ஒரே கவரின் ஒரு ஓரம் எரியும், நடு சிதையும், மறு ஓரம் சொட்டும். காற்று போதாத இடத்தில் முழுசாக எரியாமல் கார்பன் மோனாக்சைடும், கரியும், வளைய ஹைட்ரோகார்பன்களும் வரும். கவரோடு ஒரு பிவிசி துண்டோ ரெக்சினோ வயரோ சேர்ந்துவிட்டால் அமிலமும் சேரும். புகை ஆறும்போது, 200-லிருந்து 450 டிகிரி வரைக்குமான பகுதியில், குளோரினும் கரியும் சேர்ந்து டையாக்சின் உண்டாகும். செம்பு இருந்தால் அந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும். பழைய வயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கிறாங்களே, அங்கே பிவிசியும் செம்பும் புகைச்சலும் ஒரே இடத்தில் இருக்கும். டையாக்சின் செய்யணும் என்று திட்டம் போட்டாலும் இதைவிட நல்ல ஏற்பாடு அமையாது.

குப்பை எரிக்கும் பெரிய உலைகளுக்கு ஐரோப்பிய விதி என்ன சொல்கிறது தெரியுமா? புகை குறைந்தது 850 டிகிரியில் 2 நொடி இருக்கணும். அப்புறம் சட்டென்று ஆற வைத்து, வடிகட்டித்தான் வெளியே விடணும். சந்தை முடிந்த சாயங்காலம் ரோட்டோரம் குவித்துக் கொளுத்தும் கவர்களுக்கு இதில் எதுவுமே இல்லை. 2016 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் திறந்தவெளியில் குப்பை எரிக்க நாடு முழுக்கத் தடை போட்டது. சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் அபராதம். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. சட்டம் இருக்கிறது. புகையும் இருக்கிறது.

எங்க ஆயாவிடம் இதைச் சொல்லப் போனபோது நான் ஹைட்ரஜன் குளோரைடு என்றெல்லாம் ஆரம்பிக்கலை. "ஆயா, அந்தக் கவர வைக்காத, இருமல் அதுலதான் வருது" என்றேன்.

"அப்ப எத வெச்சுப் பத்த வைக்கிறது? ரேஷன்ல சீமெண்ணெயே கண்ணுல காட்டறதில்ல. மழையில வெறகு நனைஞ்சு கெடக்குது. கவரு ஒண்ணுதான் சட்டுனு புடிக்குது."

அவங்க சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. பாலிஎத்திலீனின் எரிசக்தி கிலோவுக்குக் கிலோ மண்ணெண்ணெய்க்குச் சமம். சரம் அறுந்தால் அது மண்ணெண்ணெய்தானே! ஆயா வேறு வழியில்லாமல் சரியான எரிபொருளைக் கண்டுபிடித்திருக்காங்க. பிரச்சினை, அது அடுப்புக்குள் முழுசாக எரிவதில்லை, பாதி அவங்க நெஞ்சுக்குள் போகிறது. காஸ் இருக்கிறது, ஆனால் வெந்நீருக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் காஸைச் செலவழிக்க எந்த வீட்டிலும் மனசு வராது. ஆகவே "எரிக்காதே" என்ற அறிவுரை மட்டும் இங்கே செல்லாது. அந்த இடத்துக்கு வேறு ஒன்று வேணும். எங்க ஊரில் அது தென்னையிலேயே இருக்கிறது. பன்னாடையும் காய்ந்த பாளையும் மழைக்கு முன்னாடியே எடுத்து, பரணில் ஒரு சாக்கில் போட்டு வைத்தால் கார்த்திகை வரைக்கும் வரும். இப்போ எங்க வீட்டில் அந்தச் சாக்கைக் கட்டி ஏத்தறது லீவுக்கு வரும் என் வேலை. பால் கவரைக் கழுவிச் சேர்த்து வைத்தால் பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கிறார். ஆயா பன்னாடையில் பத்த வைக்கிறாங்க. அடைமழையில் ஒரு நாள் ரெண்டு நாள் கவர் உள்ளே போகுதுதான். நான் பார்க்காத நேரத்தில்.

நாம என்ன பண்ணலாம்

பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும். 1 பெட், 2-ம் 4-ம் பாலிஎத்திலீன், 3 பிவிசி, 5 பாலிபுரொப்பிலீன், 6 பாலிஸ்டைரீன், 7 மற்றதெல்லாம். 1988-லிருந்து உலகம் முழுக்க இந்த எண்தான். பிளாஸ்டிக்கைப் பிரிக்க வந்த எண் இது. சூட்டைப் பற்றி எச்சரிக்கவும் இதையே வைத்துக்கொள்ளலாம். 3 என்று பார்த்தால் நெருப்புப் பக்கமே கொண்டு போகாதீங்க. எண்ணே இல்லாத வயர், ரெக்சின், பைப் என்றால் 3 என்றே வைத்துக்கோங்க.

சிவில் படிக்கிறவங்க, உங்க ஊர் ரோட்டு வேலையில் பிளாஸ்டிக் கலக்கும்போது ஜல்லிச் சூட்டை யார், எதை வைத்து அளக்கிறாங்க என்று கேளுங்க. மெக்கானிக்கல், ப்ரொடக்ஷன் ஆட்கள், உங்க இன்டர்ன்ஷிப்பில் பேரலைச் சுத்தம் பண்ணும்போது வரும் புகை எந்த வழியாக வெளியே போகிறது என்று பாருங்க. ஃபேன் ஓடுதா, ஓடுற ஃபேனுக்குக் குழாய் இருக்கா? கெமிக்கல் படிக்கிறவங்க, டிஜிஏ கிடைத்தால் லேபில் இருக்கும் சுத்தமான சாம்பிளோடு நிறுத்தாமல் உங்க தெருக் கடையில் வாங்கிய பைப்பையும் ஒரு துண்டு வைத்துப் பாருங்க. எல்லாரும், ஊருக்குப் போகும்போது பைப் போடுற அண்ணன்கிட்ட ஒரு பத்து நிமிஷம் உட்காருங்க. அவருக்குத் தெரிஞ்ச பாதியை வாங்கிக்கோங்க, நமக்குத் தெரிஞ்ச பாதியைக் கொடுங்க.

பிளாஸ்டிக்கும் நெருப்பும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கிறதைப் பார்த்தால் இரண்டே கேள்வி கேட்டுக்கோங்க: இது எந்த பிளாஸ்டிக்? இப்போ எத்தனை டிகிரி? இரண்டுக்கும் பதில் இருக்கும் இடத்தில் தைரியமாக நில்லுங்க. ஒன்றுக்குப் பதில் இல்லைன்னாலும் கொஞ்சம் தள்ளியே நில்லுங்க, பக்கத்தில் நிற்கிறவங்களையும் தள்ளி நிற்கச் சொல்லுங்க.